நின்ற மெஷினில் திருப்பிய கைப்பிடி

என் மனைவி ஸ்டெல்லாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு, அவள் படத்தின் முன் வைக்க, மெழுகுவத்தியைச் செருகும் மரத்தண்டு ஒன்று கடைய நினைத்தேன். எங்கள் செம்பாக்கம் வீட்டில் அவள் நட்ட பலாமரம் புயலில் விழுந்து, ஒரே ஒரு கட்டைதான் மிஞ்சியிருந்தது.

மரத்தைச் சுழற்றிக் கடையும் என் கடைசல் மெஷினில், பெல்ட் ஓடும் புல்லி இரண்டு பாதியாக இருக்கும். ஒரு பாதி நகர்ந்தால்தான் வேகம் மாறும். அது இறுகிப்போய் அடம்பிடித்ததால், பெரிய இன்ஜினீயர் மாதிரி கிரீஸை அள்ளி அப்பினேன். சில வாரம் கழித்துப் பலாக்கட்டையைப் பூட்டி, மெஷின் நின்றிருக்கும்போதே கைப்பிடியைக் குறைந்த வேகத்துக்கு முறுக்கித் திருப்பினேன்.

சுவிட்சைப் போட்டதும் மெஷின் பழைய முழு வேகத்திலேயே அலறியது. கட்டை பிய்த்துக்கொண்டு என் வழுக்கையை உரசிப் போய், சுவரில் மோதிப் பிளந்தது. முடி இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஸ்டெல்லாவின் தம்பி அருள் பம்மலிலிருந்து வந்து புல்லியைக் கழற்றினான். “இன்னா மாமா, கிரீஸும் மரத்தூளும் சேந்து களி மாதிரி கீது, அதான் புல்லி நகரல. மெஷின் ஓடும்போதுதான் கைப்பிடியத் திருப்பணும்.”

“உங்கக்கா கிண்டுற களிக்கு இது பரவாயில்லடா.”

இருவரும் சிரித்தோம். பிறகு அவன் குனிந்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தான்.

இப்போது புல்லியில் கிரீஸ் வைப்பதில்லை. வாரா வாரம் தூளைத் தட்டிவிட்டு மெழுகு தேய்க்கிறேன். மெஷினை ஓடவிட்டே வேகத்தை மாற்றுகிறேன்.

நினைவு நாளில் எவர்சில்வர் டம்ளரில் அரிசி நிரப்பி மெழுகுவத்தியை நட்டேன். ஸ்டெல்லா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாள். படத்தில் இருந்தவள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.