முடி கொட்டாத நாய் தேடிப் போனோம்

நாய் வாங்கப் போகிறோம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் நாய் சாத்திரம் தெரிந்துவிடுகிறது. ஒரு பூனைக்குக்கூடச் சோறு வைத்துப் பழகாதவர்கள் எல்லாம் எனக்குப் பாடம் எடுத்தார்கள். என் கணவரின் அண்ணன் அதில் முதல் ஆள். "வாங்குறதுதான் வாங்குறீங்க, லேப்ரடார் வாங்குங்க. நீங்க பாக்குற அந்தக் குட்டை ஷிட்ஸு எல்லாம் ஒரு நாயாம்மா? தரை துடைக்கிற மாப்பு மாதிரி இருக்கு" என்றார் போனில். அவர் இருப்பது திருநெல்வேலிப் பக்கம், தோட்டம் துரவோடு. நாங்கள் இருப்பது ஆவடி பருத்திப்பட்டில், மூன்றாம் மாடியில், இரண்டு படுக்கையறை வீட்டில். லேப்ரடார் சந்தோஷமாக வாலை ஒரு ஆட்டு ஆட்டினால் எங்கள் டீவி கீழே விழும். இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வந்தது. நாயை வளர்க்கப் போவது நான், கோபம் அவருக்கு!

எங்களுக்கு என்ன வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. மகளுக்கு ஒன்பது வயது. பேசத் தெரிந்த நாளிலிருந்து நாய் கேட்கிறாள். மகனுக்கு ஐந்து. அவனுக்கு வீசிங். மழைக்காலம் வந்தால் அவன் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். நெபுலைசர் எங்கள் வீட்டில் மிக்சி மாதிரி, அலமாரிக்குள் போவதே கிடையாது. ஆகவே சின்ன நாய், முடி அதிகம் கொட்டாத நாய், சின்னப் பிள்ளை காதைப் பிடித்து இழுத்துவிட்டாலும் பொறுத்துப் போகிற நாய். இதை நான் நாலு பேரிடம் சொல்லச் சொல்ல, என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அதிர்ந்து பேசாத பெண்ணாக வேண்டும் என்றுதான் அவர்களும் கேட்டிருந்தார்கள். கிடைத்தது நான்.

மகனைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டோம். "முடியே கொட்டாத நாய்னு ஒண்ணு கிடையாதும்மா. சிலதுக்குக் குறைச்சலாக் கொட்டும், அவ்வளவுதான். அதுவும் பிரச்சினை முடி இல்ல. நாயோட எச்சிலும், தோல்ல இருந்து உதிர்ற பொடுகும்தான். வாங்குறதுக்கு முன்னாடி அதே நாயோட பையன் நாலஞ்சு தடவை உட்கார்ந்து விளையாடட்டும். மூச்சு எப்படி இருக்குன்னு பாருங்க" என்றார். இவ்வளவு தெளிவாக ஒருவர் சொன்ன பிறகு அதைச் செய்வதுதானே முறை? நாய்க்குட்டி விற்பவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிறதா என்று சில நாள் வந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "இன்னா மேடம், பொடவையா இது, கட்டிப் பாத்துட்டு வாங்கறதுக்கு?" என்று ஒருவர் போனை வைத்தார். இன்னொருவர் பதிலே சொல்லாமல் குட்டிகளின் படமாக அனுப்பிக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு குட்டிக்கும் தலையில் ரிப்பன் கட்டி.

கடைசியில் வெள்ளானூரில் ஒருவர் வரச் சொன்னார். பல தலைமுறையாக அந்த ஊரிலேயே இருக்கிற விவசாயக் குடும்பம். வீட்டைச் சுற்றி மனை மனையாகக் கல் நட்டிருந்தது. அதெல்லாம் அவர்கள் வயலாக இருந்ததுதான். மாட்டுக் கொட்டகையில் இப்போது மாடு இல்லை, நாய்க் கூண்டுகள் இருந்தன. எங்களை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துணி துவைக்கிற டப்பு ஒன்றில் நான்கு குட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். மகள் அழுதே விட்டாள், அவ்வளவு அழகு. என் கணவர் அப்போதே ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார்.

"தாய் எங்கே?" என்று கேட்டேன். குட்டி முடியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, வளர வளர மாறும், தாயைப் பார்த்தால்தான் தெரியும் என்று படித்திருந்தேன்.

"தாய இன்னாத்துக்கு மேடம்? குட்டிதான வாங்கப் போறீங்கோ? பொண்ணு பாக்கவா வந்தீங்கோ, அம்மாவயும் சேத்துப் பாக்க?"

என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்த்தே ஆகவேண்டும் என்றேன். வேண்டா வெறுப்பாகக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்.

முதலில் அது நாய் என்றே எனக்குத் தெரியவில்லை. கூண்டின் மூலையில் பழைய சாக்கைச் சுருட்டிப் போட்டிருப்பதாக நினைத்தேன். முடி கொட்டாத சாதி என்று பெருமையாக விற்கிறார்களே, கொட்டாத முடி எங்கே போகும் என்று யாராவது யோசிக்கிறார்களா? அது உடம்பிலேயேதான் இருக்கும். தினமும் சீவிவிட வேண்டும், மாதா மாதம் வெட்டிவிட வேண்டும். இதற்கு எதையும் யாரும் செய்யவில்லை. முடி முழுதும் சிக்கு விழுந்து, கட்டி கட்டியாகத் தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணில் பீளை. மடி தரையில் தட்டியது. எழுந்து நின்றால் திரும்புவதற்கு அந்தக் கூண்டில் இடமில்லை.

"மனுசனாய்யா நீ?" என்று கத்திவிட்டேன். கொட்டகையில் இருந்த நாய் எல்லாம் சேர்ந்து குரைத்தது.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "இன்னாத்துக்கு மேடம் கத்துறீங்கோ? வேளா வேளைக்குச் சோறு போட்டுகினுதான கீறேன். எத்தினியோ ஈத்து குடுத்துக்குது. இத்தோட முடிஞ்சிது. யாருக்கனா குடுத்துடுவேன், இல்லாங்காட்டி ஏரிக்கரைல உட்டுடுவேன்."

ஏரிக்கரையில் விட்டுவிடுவாராம், வயதான மாட்டை அவிழ்த்துவிடுகிற மாதிரி! நான் அடுத்த சண்டைக்கு மூச்சு இழுத்தபோது என் மகன் கூண்டு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தான். கம்பிக்குள் விரலை விட்டிருந்தான். அந்த நாய் மெல்ல எழுந்து வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது. அவன் சிரித்தான். நான் அவன் முதுகில் காதை வைத்துப் பார்த்தேன். விசில் இல்லை.

அங்கேயே எனக்குப் பிடிபட்டது. குட்டி வளர்ந்தால் எப்படி இருக்கும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். அதன் முடியும் தெரியாது, குணமும் தெரியாது. இவள் எப்படிப்பட்டவள் என்பது இதோ கண் முன்னால் தெரிகிறது. சின்ன நாய் கேட்டோம், இவள் சின்னவள். பிள்ளைகளைப் பொறுத்துப் போகிற நாய் கேட்டோம், இவள் அளவுக்குப் பிள்ளைகளைப் பொறுத்தவள் யார்? தொடர்ந்து சில ஞாயிற்றுக்கிழமைகள் மகனை அழைத்துப்போய் அவளோடு உட்கார வைத்தோம். மூச்சு சீராகவே இருந்தது. அவளையே வீட்டுக்குக் கொண்டுவந்தோம். "குட்டிய உட்டுட்டு கெழவியத் தூக்கினு போறாங்கோ" என்று அவர் யாரிடமோ சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. சும்மாதான் கொடுத்தார். அதற்கு நான் நன்றி சொல்லவில்லை.

கால்நடை மருத்துவர் முடி முழுவதையும் எடுத்துவிட்டபோது பாதி உடம்புதான் மிஞ்சியது. அடியில் தோல் எல்லாம் புண். வீடு முழுக்க இடம் இருந்தும், பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில்தான் போய் உட்காருவாள். கூப்பிட்டால் என்னிடம் மட்டும் வருவாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, மகள் சீவிவிட உடம்பைக் கொடுத்தாள். மகன் காதைப் பிடித்தால் கடிக்கமாட்டாள், எழுந்து தள்ளிப் போய் உட்காருவாள். முடி வளர்ந்தது. உண்மையாகவே கொட்டவில்லை.

கொட்டவில்லை என்றால் யார் நம்பினார்கள்? படிக்கட்டில் நாய் முடி கிடக்கிறது என்று குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் யாரோ படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு முடி! எங்கள் நாய் வெள்ளையும் பழுப்பும். இந்த போர் தண்ணீரில் தலை குளித்துக் குளித்து எங்கள் கட்டடத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, பழி மட்டும் நாய்க்கு. அதையும் எழுதினேன்.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் மகனுக்கு வீசிங் வந்தது, பலமாகவே வந்தது. அவ்வளவுதான். எதிர் வீட்டு அம்மா கதவைத் திறந்து "நாய வெச்சுக்கிட்டு இருந்தா அப்படித்தாங்க ஆகும்" என்றார். திருநெல்வேலியிலிருந்து போன் வந்தது. "அப்பவே சொன்னேன்" என்றார் அண்ணன். அவர் சொன்னது லேப்ரடார் வாங்கு என்று! டாக்டர் ஒருவர்தான் நிதானமாகப் பேசினார். "கொஞ்ச நாள் நாயைத் தள்ளி வெச்சுப் பாருங்க. அப்புறம்தான் ஏதும் சொல்ல முடியும்" என்றார்.

எங்கே தள்ளி வைப்பது? தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டேன். பார்க்கும்போதெல்லாம் கொஞ்சியவர்கள், கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்றதும் ஊருக்குப் போகவேண்டும் என்றார்கள். என் கணவர் வெள்ளானூருக்குப் போன் போட்டார். "கொண்டாந்து உடுங்க சார், அதோட ஊடுதான இது" என்றாராம். அந்தக் கூண்டுக்கா என்று நான் சண்டை போட்டேன். என் கணவர் குரலை உயர்த்தவே இல்லை. "பையன் மூச்சா, நாயா? நீயே சொல்லு" என்றார். அந்தக் கேள்விக்கு ஒரு தாயால் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்துதான் எல்லோரும் அதைக் கேட்கிறார்கள். அவளைக் கொண்டுபோகக் கூடையை எடுத்து வைத்தேன். கூடையில் ஏற மறுத்து அவள் இடுக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். வேறு யார் கூப்பிட்டும் வரவில்லை. நான் கூப்பிட்டேன், வந்தாள். நானே தூக்கி உள்ளே வைத்தேன்.

வீட்டை பினாயில் போட்டுக் கழுவினோம். மெத்தை விரிப்பு, திரை, சோபா உறை எல்லாம் வெந்நீரில் துவைத்தாயிற்று. நாய் இருந்த சுவடே இல்லாத வீட்டில், சில நாள் கழித்து, அதே விளக்கு வைக்கிற நேரத்தில் மகனுக்கு மறுபடி வீசிங் வந்தது.

நெபுலைசர் முகமூடியை அவன் முகத்தில் பிடித்துக்கொண்டு, காற்று வரட்டும் என்று மகளை ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். திறந்ததும் அறைக்குள் புகை வந்தது. எட்டிப் பார்த்தால், ஏரிப் பக்கத்து மதில் ஓரமாக எங்கள் காவலாளி குப்பையைக் கூட்டி எரித்துக்கொண்டிருந்தார். சருகு, பிளாஸ்டிக் கவர், தெர்மாகோல், எல்லாம் ஒன்றாக. என் பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது எனக்குச் சந்தோஷம் வந்தது. இப்படி ஒரு சந்தோஷம் எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. "அவ இல்லடா, அவ இல்லடா" என்று அவனிடம் சொல்லிக்கொண்டே அழுதேன்.

மூச்சு சீரானதும் கீழே இறங்கிப் போனேன். காவலாளியைக் கேட்டால், சங்கச் செயலாளர் சொல்லித்தான் குப்பை சேரும்போதெல்லாம் இந்த நேரத்தில் எரிப்பதாகச் சொன்னார். செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"குப்பை வண்டி ஒழுங்கா வர்றதில்ல மேடம், என்ன பண்றது? கொசுவுக்கும் நல்லதுதான். எல்லாரும் பொறுத்துக்கிறாங்கல்ல?"

"ஒரு சின்ன நாயைப் பொறுத்துக்க முடியலையே சார் உங்களுக்கு! இந்த விஷத்த மட்டும் எப்படிப் பொறுக்குறீங்க?" என்று கேட்டேன். மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். இனிமேல் எரிக்கமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார். மறுபடி புகை தெரிந்தால் குப்பையை அவர் வாசலிலேயே கொண்டுபோய்க் கொட்டுவேன் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னோம். "அப்ப நாய் மேல பழி போட முடியாதும்மா" என்றார். என் கணவர் உடனே ஆட்டோவைக் கூப்பிட்டார்.

வெள்ளானூர்க்காரருக்கு ஆச்சரியம். "திருப்பிக் கொண்டாந்து உடறவங்க நெறைய பேரு மேடம். திரும்ப வந்து கேட்ட ஆளு நீங்கதான்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார், எனக்கு எரிந்தது. பிறகு சொன்னார்: "நல்லாத் தேத்தி வெச்சிகீறீங்கோ. இன்னொரு ஈத்து எடுக்கலாம்னு பாத்தேன்."

கொட்டகைக்குள் போய்க் கூண்டின் கொக்கியை நானே எடுத்தேன். "வாடி" என்றேன். அவள் வரவில்லை. பயந்துகொண்டு இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பயப்படவில்லை. என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள், பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மண்டியிட்டு உள்ளே கைவிட்டுத் தூக்கினேன். ஆட்டோவில் என் மடியில்தான் இருந்தாள், வீடு வரும் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அண்ணன் மேல் கோபப்பட்டேன், கணவர் மேல், செயலாளர் மேல், கூண்டு வைத்திருந்தவர் மேல் எல்லாம் கோபப்பட்டுக் கத்தினேன். கோபப்பட முழு நியாயம் இருந்தவள் அவள் ஒருத்திதான். அவள் சத்தமே போடவில்லை.