லீவர் பிடித்த கை

திருச்செங்கோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் அறை. மனநல ஆலோசகர் என்று பலகை மாட்டினால் ஒருத்தரும் படியேற மாட்டார்கள் என்று கடைக்காரர் பயமுறுத்தியதால், ‘ஆலோசனை மையம்’ என்று மட்டும் எழுதினேன். முதல் மாதம் வந்தவர்களில் பாதிப் பேர் எந்த இன்ஜினியரிங் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கலாம் என்று கேட்டார்கள்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு தாள் மீது அபார நம்பிக்கை. என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, அது எவ்வளவு உண்மை என்று மூன்று கட்டங்கள். வீட்டில் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். மேட்டூரிலிருந்து வந்த ஓர் ஆசிரியை அதை நிரப்பி நிரப்பியே பதற்றத்திலிருந்து மீண்டார். ஒருவருக்குக் கேட்ட மருந்து ஊருக்கே கேட்கும் என்று நினைத்துவிட்டேன். படித்த திமிர்தான், வேறென்ன?

அப்போதுதான் ஒருவர் தன் மனைவியோடு வந்தார். முப்பது வயதிருக்கும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் லீவர் பிடிப்பவர். போர் போடும்போது பைப்பை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் கையில். வெளிமாநிலத்தில் ஒரு வேலையின்போது அவர் பைப்பை இறக்க, கீழே நின்ற கூட்டாளிக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. ஊர் திரும்பியதிலிருந்து இவருக்குக் கை நடுக்கம். அதைவிடப் பெரிய சங்கடம், எட்டு மாதப் பெண் குழந்தையை அவர் தொடுவதே இல்லை.

“இந்தக் கையில புள்ளயத் தூக்க மாட்டேனுங்க மேடம்” என்றார். அவரைக் கண்டாலே குழந்தை கையை நீட்டுகிறது என்று மனைவி சொன்னார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாளைக் கொடுத்தேன். வாராவாரம் தவறாமல் எழுதி வந்தார். முதலில் ‘பயம்’, பிறகு ‘பரவாயில்லை’, நான்காம் வாரம் மூன்று கட்டங்களிலும் ‘நல்லா இருக்கு’. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இனிக் குழந்தையை அவர் மடியில் வைத்துப் பாருங்கள் என்று மனைவியிடம் சொல்லி அனுப்பினேன்.

இரண்டே நாளில் அந்தப் பெண் தனியாக வந்து நின்றார்.

“நீங்க சொன்னீங்கன்னுதானுங்க வெச்சேன். வெடுக்குனு எந்திரிச்சுட்டாருங்க. புள்ள உருண்டு பாயில உழுந்துருச்சு. அடி ஒண்ணும் இல்லீங்க. ஆனா அதுக்கப்பறம் ஊட்டுக்குள்ளயே வர மாட்டேங்கறாரு.”

“எல்லாம் நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்தாரே?”

“அது ஓனருக்குச் சொல்ற மாதிரிங்க. சாயங்காலமானா வண்டியில இருந்து போன் பண்ணிச் சொல்லோணும். பைப் உள்ள சிக்கிக்கிட்டாலும் ‘நல்லாப் போவுதுங்க’ன்னுதான் சொல்லுவாங்க. வெளிய எடுத்த பொறவுதான் சிக்குனதையே சொல்லுவாங்க.”

நான்கு வாரமாக நான் அவருக்கு ஓனராக இருந்திருக்கிறேன். வெட்கமாகப் போயிற்று. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய் எனக்கு ஆறுதல் சொன்னார்.

அடுத்த முறை அவர் வந்தபோது தாள் இல்லை. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். மூடினால் ரிக் வண்டியின் கம்ப்ரசர் சத்தம்தான் கேட்கிறது என்று எழுந்துவிட்டார். அதுவும் போச்சு.

“அந்தச் சத்தத்தில் எப்படிப் பேசிக்கொள்வீர்கள்?” என்று சும்மாதான் கேட்டேன்.

“பேசறதேதுங்க? எல்லாம் கைதானுங்க.”

கீழே நிற்பவர் லீவர்காரருக்குக் கொடுக்கும் சைகைகளைக் காட்டினார். உள்ளங்கையை விரித்து மேலே உயர்த்தினால் தூக்கு. கவிழ்த்துத் தாழ்த்தினால் இறக்கு. மூடினால் நிறுத்து. ஒரு மாதமாக வாயைத் திறக்காத மனிதர் அன்று அரை மணி நேரம் சொன்னார்.

அதன் பிறகு எங்கள் வேலை அதுதான். மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கூட்டாளி நின்ற இடத்தில் நான் நிற்பேன். அவர் ஜன்னல் கம்பியை லீவராகப் பிடித்துக்கொள்வார். அந்த நாளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையாலேயே நடத்திப் பார்ப்போம். கீழே ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ! ஒவ்வொரு முறையும் பைப்பை இறக்கும் இடம் வந்ததும் நின்றுவிடுவார்.

“அவன் எறக்குன்னு காட்டுனானா, நானா எறக்கிட்டனா, தெரியலீங்க” என்று ஒருநாள் உடைந்து அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. “அவரிடம்தானே கேட்க வேண்டும்?” என்றேன். மூன்று வாரம் கழிந்தது. பிறகு அவராகவே கூட்டாளிக்குப் போன் செய்து என் அறைக்கு வரச் சொன்னார்.

கூட்டாளி வந்த அன்று மனைவியும் குழந்தையோடு வந்திருந்தார். நலம் விசாரித்து முடிவதற்குள் இவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

“எனக்கும் நெனப்பில்லீங்கண்ணா” என்றார் கூட்டாளி. “காட்டுனேனா இல்லியான்னு நானும் ரோசன பண்ணிப் பண்ணிப் பாத்துட்டேன். யாரு தப்புன்னு இனித் தெரியப் போறதில்ல. உடுங்கண்ணா.”

தாயின் இடுப்பிலிருந்து குழந்தை அப்பாவை நோக்கித் தாவியது. அவர் ஓரடி பின்னால் போனார். அப்போது கூட்டாளி மூன்று விரல்கள் மிஞ்சிய கையை விரித்து, மேலே உயர்த்தினார். தூக்கு.

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டாளி இன்னொரு முறை காட்டினார்.

தூக்கினார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அப்பா விளையாட்டுக் காட்டுவதாக நினைத்துக் குழந்தை சிரித்தது.