மிளகு ஏணியும் காலை மாத்திரையும்

கிளாஸ்கோவில் என்னைக் கோழி என்று கூப்பிடுகிறார்கள். 'ஹென்' என்றால் இங்கே செல்லப் பெயராம், நம் ஊர்க் 'கண்ணு' மாதிரி. இது தெரியாத முதல் வாரத்தில், மாத்திரைப் பெட்டியைத் திறக்கச் சொல்லிக்கொடுத்ததற்கு ஒரு பெரியவர் "தேங்க்யூ, ஹென்" என்றார். கோழிக்கறிக்கு ஆசைப்படுகிறார் போலிருக்கிறது என்று எண்ணி, சமைக்க உதவட்டுமா என்று அக்கறையாகக் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று மடியில் விழுந்தது.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். மனநோய்க்கு மருந்து எழுதுகிறவர் டாக்டர். அந்த மருந்து ஒருவருடைய அன்றாடத்தில் எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்று கூடவே இருந்து பார்ப்பது என் வேலை. அவர் டீ போடுவதையும் பஸ் ஏறுவதையும்கூட நின்று கவனிப்பேன்.

"வேடிக்கை பாக்கறதுக்கா அவ்வளவு தூரம் போன?" என்று கேட்டவர் சேலத்துக்கு மேலே மலைக்கிராமமான மாரமங்கலத்தில் இருக்கும் என் அண்ணன் சேவியர். காதருகே யாரோ பேசுவதாகச் சொல்லி ஒரு காலத்தில் காடுமேடெல்லாம் அலைந்தவர், மாத்திரையால் மீண்டவர். போன விடுப்பில் நான் போனபோது மறுபடியும் தனியாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாவோ, "தெனமும் காத்தால நாந்தான எடுத்துக் குடுக்கறேன்" என்று அடித்துச் சொன்னார். மறுநாள் அண்ணன் ஏணியில் ஏறி மிளகு பறிக்கும் எஸ்டேட்டுக்கு நானும் கூடவே நடந்தேன். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில் நின்று, சட்டைப் பையிலிருந்து அன்றைய மாத்திரையை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஏனுங்ணா, முழுங்கலீங்களா?"

"முழுங்குனா மத்தியானம் வரைக்கும் நொம்ப கண்ணு சொருகுது சாமி. ஏணி மேல நின்னா மரமே ஆடுது. உழுந்து சாவறதா, மாத்தரைய உடறதா, நீயே சொல்லு."

நோய் முற்றிவிட்டதோ என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருக்க, மனிதர் எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அடுத்த பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினோம். டாக்டரிடம் அண்ணனையே பேசவைத்தேன். ஏணி எத்தனை உயரம், மயக்கம் எப்போது தெளிகிறது என்பதை மட்டும் நான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றினார். காலையில் தலை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஏணி என்றார். அதுவரை மிளகு காயவைக்கும் வேலை கொடுக்க எஸ்டேட்டில் ஆள் கணக்குப் பார்க்கும் ரைட்டரும் ஒப்புக்கொண்டார். "வேடிக்கை பாத்தே கண்டுபுடிச்சுட்டா எந்தங்கச்சி!" என்று திரும்பும் வழியில் கண்டக்டரிடம் அண்ணன் பெருமையடித்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நாங்கள் சின்னப் பிள்ளைகள் போல ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தோம்.

நேற்றுக் காலை வேலைக்குப் போக கிளாஸ்கோ பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். தூறல். போனில் அண்ணன் முகம், அவர் பின்னால் மதிய வெயில். டாக்டர் சம்மதித்து, மறுபடி ஏணி ஏறத் தொடங்கிய முதல் நாள். பறித்த மிளகை இரு கைகளாலும் அள்ளிக் காட்டினார். நான் கம்பளித் தொப்பியோடு குதித்த குதியில் பக்கத்திலிருந்தவர் நகர்ந்து நின்றார். பஸ் வந்துவிட்டிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. டிரைவர் கதவைத் திறந்து, "ஏறுகிறாயா, ஹென்?" என்றார் ஆங்கிலத்தில்.

"இதோ வந்துட்டனுங்க!" என்றேன் அவரிடம், தமிழில்.

போனுக்குள் அண்ணன் முகம் மலர்ந்தது.

"வர்றியா? எப்ப சாமி?"