டூகல் தட்டிப் பார்த்த கூரை

டூகல் மக்கீகன் பதிமூன்று வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கனடாவின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் கிளேஸ் பே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவன். எவன் சிபாரிசும் கிடையாது. இருபத்தைந்து வயதிலேயே சுரங்கத்து மேல்பாறை நிற்குமா விழுமா என்று பார்த்துச் சொல்கிற ஆளாகிவிட்டான். கடப்பாரை முனையால் மேலே ஒரு தட்டு. கணீரென்றால் நிற்கும், சொத்தென்றால் விழும். அவன் நிற்கும் என்று சொன்ன இடத்தில் ஒருத்தனுக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கடற்கரை முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு காது கிடைக்காது. அதை அவனே நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிக் காட்டுவான், அது வேறு.

இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் அவனும், அவன் தங்கை எஃபியின் புருஷன் சிமோன் பெட்டிபாவும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். ரயிலடியில் எஃபி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, உன்ன நம்பித்தான் அனுப்புறேன்."

"என் பக்கத்துல நிக்கிறவன் தலையில தூசி விழாது. அழாமப் போ."

நாற்பத்து மூன்று டிசம்பரில் இத்தாலிக் கடற்கரை ஊர் ஒன்றில் மாட்டிக்கொண்டார்கள். தெருவில் தலை காட்டினால் ஜெர்மன்காரன் சுடுவான். அதனால் ஒரு வீட்டுச் சுவரை உடைத்து அடுத்த வீட்டுக்குள் போக வேண்டும். சுரங்கத்து ஆட்களுக்கு அது கை வந்த வேலை. டூகல் அதற்குள் கார்ப்பரல், எட்டுப் பேருக்குத் தலைவன்.

ஒரு நாள் காலை, நல்ல மழை. புதிதாகப் பிடித்த வீட்டின் உள்ளறைக் கூரையைத் துப்பாக்கிக் கட்டையால் தட்டினான். கணீர்.

"பாறை மாதிரி நிக்குது. சிமோன், ரெண்டு நாளா நீ கண்ண மூடல. இங்க படு."

"மச்சான், இது கிளேஸ் பே இல்ல. ஜெர்மன்காரன் சும்மா விட்டுட்டுப் போன வீடு. எனக்கென்னவோ பிடிக்கல."

"கூரையப் பத்தி எனக்கே பாடமா? மீன் பிடிக்கிற வம்சம் நீ. படுடா."

"நான் செத்தேன்னா உன் தங்கச்சி உன்ன உப்புக்கண்டம் போட்டுருவா, பாத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிமோன் படுத்துக்கொண்டான். மற்றவர்கள் முன்னறைச் சுவரை உடைக்கப் போனார்கள். பத்து நிமிஷம் இருக்கும். ஜெர்மன்காரன் தரைக்கு அடியில் வைத்துவிட்டுப் போன குண்டு வெடித்தது.

சுரங்கத்தில் சாவு மேலேயிருந்து வரும். இருபது வருஷமாக மேலே பார்த்தே பழகிய டூகல், காலுக்குக் கீழே பார்க்கவில்லை.

புழுதி அடங்கியபோது உள்ளறை இருந்த இடத்தில் கல் குவியல். டூகல் ஒரு கல்லை எடுத்து மூன்று தட்டுத் தட்டினான். உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது.

டூகலுக்கு மேலே இருந்த சார்ஜென்ட் க்ரோசியர், கனடாவின் மேற்கே கோதுமை விளைகிற ஊர்க்காரர். "அடுத்த வீட்ட இப்பவே பிடிச்சாகணும். கெளம்பு, கார்ப்பரல்."

"தட்டுறான், சார்ஜென்ட். காது குடுத்துக் கேளுங்க."

"கேக்குதுய்யா. நாளைக்கு ஆள் அனுப்பி எடுப்பாங்க."

"எங்க ஊர்ல நாளைக்குன்னு சொல்ல மாட்டோம்."

கிளேஸ் பேயில் ஒருத்தன் உள்ளே மாட்டினால் சுரங்கமே நின்றுபோகும். உயிரோ உடலோ, வெளியே வரும்வரை ஒருத்தனும் நிலக்கரியைத் தொட மாட்டான். சார்ஜென்ட்டுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் அங்கே செல்லாது. அவர் மற்ற ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். டூகல் போகவில்லை.

கையாலும் துப்பாக்கிக் கத்தியாலும் தோண்டினான். மதியம் வரை மூன்றுக்கு மூன்று வந்தது. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. "சிமோன், தூங்காத! வந்துட்டேன்டா!" என்று கல்லோடு வாயை வைத்துக் கத்தினான். பொழுது சாயும்போது தட்டுவது நின்றுபோனது. டூகல் நிற்கவில்லை.

மறுநாள் காலை கை எட்டியது. சிமோன் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். அதன் குதிகாலால்தான் தட்டியிருக்கிறான். கூரையின் விட்டம் உடையவே இல்லை. டூகல் சொன்ன மாதிரி திடமாகத்தான் இருந்தது, சிமோனின் இடுப்பின் மேல் விழுந்து.

அடுத்த வீட்டில், கார்ப்பரல் இல்லாமல் போன ஆட்களில் இரண்டு பேர் செத்திருந்தார்கள். டூகலின் கார்ப்பரல் பட்டையைப் பிடுங்கினார்கள்.

யுத்தம் முடிந்து ஊருக்கு வந்த அன்று நேரே எஃபி வீட்டுக்குத்தான் போனான். அவள் தேநீர் வைத்தாள். உட்காரவில்லை.

"உடனே போயிட்டாரா, அண்ணே?"

"உடனே. வலியே தெரிஞ்சிருக்காது."

அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லைத் தோண்டியதில் போன நகம் இரண்டு விரல்களில் திரும்ப முளைக்கவே இல்லை.

"கூரையத் தட்டிப் பாத்தியா?"

"பாத்தேம்மா," என்றான் டூகல். "கூரை நல்லாத்தான் இருந்துச்சு."

எஃபி தேநீரை எடுத்துக் கொட்டிவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.