சேராத நீலம்

அந்தத் தெருவில் ராசிக்கல் விற்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. விற்ற கல்லை முகம் சுளிக்காமல் திருப்பி வாங்கத் தெரிந்தவள் ஒருத்திதான். ஒரு கடையின் மாடிப்படிக்கு அடியில், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில், ஒரு சின்ன மேஜை, ஒரு தராசு, ஒரு லென்ஸ், தேய்ந்துபோன ஒரு பல் பிரஷ், இவற்றோடு உட்கார்ந்திருப்பாள். கடையில் அவளுக்கு ரிட்டன் அக்கா என்று பெயர்.

திருப்பி வருகிற கற்களில் முக்கால்வாசி நீலம். மற்ற கற்களெல்லாம் சாது. பவளம் ரத்தத்தைப் பார்த்துக்கொள்ளும், முத்து கோபத்தைத் தணிக்கும், மரகதம் திக்குவாயைச் சரிசெய்யும் என்பார்கள். செய்யாவிட்டாலும் போட்ட ஆளை ஒன்றும் பண்ணாது. நீலம் சனியுடைய கல். சேர்ந்தால் தூக்கி உட்கார வைக்கும், சேராவிட்டால் தூக்கிக் கீழே போடும் என்று தெருவே நம்பியது. அதனால் நீலத்தை யாரும் பார்த்தவுடன் வாங்குவதில்லை. முன்பணம் கட்டி, துணிப்பையில் முடிந்து எடுத்துப்போய், மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் பார்ப்பார்கள். கெட்டது எதுவும் நடக்காவிட்டால் மோதிரம். நடந்துவிட்டால் நேராக மாடிப்படிக்கு அடியில் வந்து நிற்பார்கள்.

அப்படி வந்து நிற்பவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்பதுதான் அக்காவின் உத்தியோகம். ஒருவருக்கு வண்டி டயர் பஞ்சர். ஒரு அம்மாவுக்கு நாத்தனார் பெரிய பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்குக் கனவில் பழைய இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பை எட்டிப் பார்த்தார். முடி கொட்டுகிறது என்று ஒருவர் கொண்டுவந்து நீட்டினார். அவர் தலையில் கொட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அக்கா எல்லோரிடமும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கத் தலையணை?" என்று கேட்பாள். இடது என்றாலும் வலது என்றாலும் "அதான் பாத்தேன்" என்பாள். கடைசியில் அவர்களே பெருமூச்சு விட்டு, "சேரலைம்மா" என்பார்கள். அந்தச் சொல் வந்துவிட்டால் வேலை முடிந்தது. கல்லை நிறுத்து, லென்ஸில் பார்த்து, போன கல்தான் வந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவாள். பிறகு கல்லுக்குப் பரிகாரம். சோப்புத் தண்ணீர், பல் பிரஷ், நல்ல தேய்ப்பு. சனியின் கோபம் நுரையோடு போய்விடும்.

அவளுக்கு எந்தக் கல்மேலும் நம்பிக்கை கிடையாது. இருந்தது ஒரு காலத்தில். கல்யாணம் தள்ளிப்போகிறது என்று அவளுடைய அண்ணன் ஒரு புஷ்பராக மோதிரம் வாங்கிப் போட்டார். கல் சொன்ன வேலையைச் சுறுசுறுப்பாகச் செய்து, கல்யாணத்தை நடத்தி வைத்தது. நடந்த கல்யாணம் நிலைக்க என்ன கல் போட வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

புகுந்த வீட்டில் அவள் காலடி வைத்த வாரமே மாமனார் குளியலறை வாசலில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். தரையை ஈரத்தோடு விட்டது மாமியார். அடுத்து ஃபிரிட்ஜ் புகைந்து நின்றது. அதற்குக் கிட்டத்தட்ட அவள் வயது. பிறகு புருஷனுடைய ஸ்கூட்டர் திருட்டுப் போயிற்று. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனது அந்த மகராசன்தான். மாமியார் இந்த மூன்றையும் ஜோசியரிடம் கொண்டுபோய்க் கொட்ட, அவர் விரலை மடக்கி விரித்துவிட்டு ராசி சேரவில்லை என்று குண்டைத் தூக்கிப் போட்டார். ஒருநாள் பெட்டியும் கையுமாக அவளை அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். "பொண்ணு நல்ல பொண்ணுதாம்பா. குறை சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை. சேரலை, அவ்வளவுதான்" என்று மாமியார் சொன்னார். அண்ணன் கதவை முழுசாகத் திறப்பதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

மறுவாரம் அவள் புஷ்பராகத்தைக் கழற்றிக்கொண்டு இதே கடைக்கு வந்தாள். "கல்யாணத்துக்குன்னு போட்டது. கல்யாணமே திரும்பி வந்துடுச்சு, கல்லும் திரும்பி வரலாம்ல" என்று முதலாளியிடம் நீட்டினாள். முதலாளி கையில் ஒன்பது மோதிரம் இருந்தது. மிச்சம் ஒரு விரலைக் காது குடைவதற்கென்று விட்டு வைத்திருந்தார். ஒன்பது கிரகமும் கைக்குள் இருந்தும் சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்த மனிதர். அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வாய் எனக்கு வேணும். வேலைக்கு வர்றியா?" என்று கேட்டார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

கடையில் ஒரு நீலம் இருந்தது. கட்டைவிரல் நகத்தளவு, பேனா மை மாதிரி நிறம், விளக்கை அணைத்தாலும் முகம் வாடாது. அடிப்பக்க ஓரத்தில் முடியளவு ஒரு வெள்ளைக் கீற்று, அதுவும் லென்ஸில் பார்த்தால்தான். அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஆசைப்பட்டார்கள், எடுத்துப்போனவர்கள் எல்லோரும் திருப்பிக் கொண்டுவந்தார்கள். துணிப்பையும் டப்பாவுமாக அது போய்ப்போய் வந்ததில் கடைக்காரர்கள் அதற்கு மருமகள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "மருமக வந்தாச்சா?", "மருமக எந்த வீட்டுல?" என்று அவள் காதுபடவே சிரிப்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு, மற்ற கற்களை விட அதைக் கொஞ்சம் மெதுவாகத் தேய்ப்பாள்.

பேச்சு தெருவில் பரவிவிட்டது. டப்பாவைத் திறந்ததும், "இது அந்தக் கல்தானே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் முதலாளி மேஜைப் பக்கம் வந்தார்.

"இன்னொரு வாட்டி இது திரும்பி வந்தா பட்டறைக்கு அனுப்பிடு. நாலா அறுத்து சின்னக் கல்லா வித்துடலாம். சின்னக் கல்லை எவனும் தலையணைக்கு அடியில வச்சுப் பாக்குறதில்லை."

"கல்லுல என்ன குறை முதலாளி?"

"கல்லுல ஒண்ணும் இல்லை. பேரு கெட்டுப்போச்சு."

"அதுக்கு அறுத்துடுவீங்களா?"

"உனக்கென்ன வந்துச்சு? உன் கூடப் பொறந்ததா?"

"கிட்டத்தட்ட" என்றாள் அக்கா. முதலாளி அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு கல்லுக்குப் போய் அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் அது அறுபடக் கூடாது. திரும்பி வந்தது என்பதற்காக ஒன்றை நாலாக அறுப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்த வாரமே மாமியார் கடைக்கு வந்தார். பின்னாலேயே மகன், அதாவது அக்காவின் பழைய புருஷன். இரண்டாவதாக வந்தவள் தானாகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று அக்கா கேள்விப்பட்டிருந்தாள். கெட்டிக்காரி, சேரலை என்று அவர்கள் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள். இப்போது மகனுக்குச் சனி உச்சந்தலையில் உட்கார்ந்திருக்கிறதாம், பெரிய நீலமாகப் போட்டால்தான் இறங்குமாம்.

"வாங்கம்மா" என்றாள் அக்கா, எந்த வாடிக்கையாளரையும் கூப்பிடுகிற மாதிரி. அத்தை என்கிற சொல் அம்மாவாக மாறியதை மாமியார் கவனித்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மகன் சுவரில் இருந்த காலண்டரைப் பரீட்சைக்குப் படிப்பவன்போல் படிக்கத் தொடங்கினான்.

ஜோசியர் சொன்ன எடைக்குக் கடையில் ஒரே ஒரு நீலம்தான் இருந்தது, மருமகள். முதலாளியே அதை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். மாமியார் கண் விரிந்தது. வழக்கம்போல மூன்று ராத்திரி வைத்துப் பார்க்கச் சொல்ல வாயைத் திறந்த அக்கா அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

அந்த வீடு அவளுக்குத் தெரியும். தரை எப்போதும் ஈரமாக இருக்கும். சுவிட்சைத் தொட்டால் சுரீர் என்னும். மோட்டார் மாதம் ஒருமுறை படுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் கடைசியாக யார் வந்தார்களோ, நடப்பதெல்லாம் அவர்கள் கணக்கில் போகும். மூன்று ராத்திரி வேண்டாம், ஒரு ராத்திரி போதும். கல் காலையில் திரும்பி வரும், மதியம் பட்டறைக்குப் போகும். கொடுக்காமல் மறைத்துவிடலாம் என்றால் முதலாளி பக்கத்திலேயே நிற்கிறார்.

"கேட்டுக்கோங்கம்மா" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இது சாதாரண நீலம் இல்லை. வீட்டுக்குள்ள போனதும் அங்க ஒளிஞ்சிருக்குற பீடையைப் பிடிச்சு வெளிய தள்ளும். தள்ளும்போது சும்மா போகாது, எதையாவது உடைச்சிட்டுத்தான் போகும். அதனால மூணு ராத்திரிக்குள்ள வீட்டுல ஏதாவது கெட்டது நடந்தா, கல் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஒண்ணுமே நடக்கலைன்னா திருப்பிக் கொண்டு வந்துடுங்க."

முதலாளிக்குக் குடித்த டீ புரையேறியது. மாமியார் பயபக்தியோடு தலையாட்டி, பையை இடுப்பில் செருகிக்கொண்டார். படியிறங்கும்போது உள்ளேயிருந்து யாரோ, "மருமக கிளம்பியாச்சா?" என்று கத்தினார்கள். மாமியார் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். "கல்லைச் சொல்றாங்கம்மா" என்றாள் அக்கா.

அவர்கள் போனதும் முதலாளி, "இது எந்த சாஸ்திரத்துல இருக்கு?" என்றார்.

"அந்த வீட்டுக்குன்னு தனி சாஸ்திரம் முதலாளி. நான் குடித்தனம் பண்ணிப் பாத்திருக்கேன்."

அதன்பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. எதையும் நம்பாதவள், அந்த வீட்டில் ஒரு ஃபியூஸாவது போக வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள். எல்லா வீட்டிலும் நடப்பது அங்கேயும் நடந்தால் போதும். திடீரென்று மூன்று நாள் நிம்மதியாக இருந்து தொலைத்தால் என்ன செய்வது? தரையை யாராவது உலரத் துடைத்து வைத்தால்? நாத்தனார் வந்துவிட்டாள் என்று புலம்ப வந்த ஒருவரிடம் "நல்ல சகுனம்தான்" என்று சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

நாலாம் நாள் மாமியாரும் மகனும் வந்தார்கள். மாமியார் கையில் அதே துணிப்பை. அதைப் பார்த்ததும் அக்கா கையிலிருந்த பல் பிரஷைக் கீழே வைத்தாள். திருப்பித்தான் கொண்டுவந்திருக்கிறார். பட்டறைக்காரர் வேறு முதலாளியைப் பார்க்க வந்து உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"சேரலையாம்மா?" என்று அவளே கேட்டுவிட்டாள்.

"யாரு சொன்னா?" மாமியார் முகமெல்லாம் பல். "மொத ராத்திரியே மோட்டார் புகைஞ்சு போச்சு. மறுநாள் சமையல்கட்டு அலமாரி ஒரு பக்கமாச் சாஞ்சு பாத்திரமெல்லாம் கீழ. நேத்து அவரு குளியலறை வாசல்ல வழுக்கிட்டாரு. இந்த வாட்டி இன்னொரு காலு. உடையலை, சுளுக்குத்தான். வலியோட வலியா என்ன சொன்னாரு தெரியுமா? கல்லுன்னா இது கல்லுன்னாரு."

"நல்லா வேலை செய்யுது" என்றான் மகன். கடைக்கு வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அது.

மோதிரம் செய்ய அளவு கொடுக்கத்தான் வந்திருந்தார்கள். அக்கா கல்லை வாங்கி லென்ஸை வைத்தாள். வெள்ளைக் கீற்று இருந்த இடத்தில் இருந்தது. முழுசாக இருந்தது. அவளுக்குள் கிளம்பிய சந்தோஷத்தை மறைக்கக் கல்லைத் தராசில் வைத்தாள்.

மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்து, அந்த இடத்தில் யோசனை வந்து உட்கார்ந்தது.

"நீ வந்தப்பவும் இதேதாண்டி நடந்துச்சு. அவருக்குக் காலு. ஃபிரிட்ஜு. வண்டி." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். "அப்போ நீயும் வேலை செஞ்சுக்கிட்டுதான் இருந்திருக்க. எங்களுக்குத்தான் தெரியலை. தெரிஞ்சிருந்தா உன்னை வச்சுக்கிட்டிருந்திருப்போமே."

கிண்டல் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது. அக்கா தராசிலிருந்து கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மகன் மறுபடியும் காலண்டருக்குத் திரும்பிவிட்டான்.

"வேலை செஞ்சேன்தான் அத்தை" என்றாள். "விடிஞ்சதுலேர்ந்து படுக்குற வரைக்கும் செஞ்சேன். நான் துடைச்ச தரை ஒருநாளும் ஈரமா இருந்ததில்லை."

மகனுடைய நடுவிரலுக்கு அக்கா அளவு வளையத்தை மாட்டிப் பார்த்துக் கழற்றினாள். ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். எழுந்த மாமியாருக்கு வாசலில் சந்தேகம் வந்துவிட்டது.

"ஒருவேளை பின்னால ஒத்துக்கலைன்னா? மோதிரமாப் பண்ணினதுக்கப்புறம் திரும்பி வந்தா எடுத்துக்குவீங்களா?"

மோதிரத்தில் ஏறிய கல்லைத் திருப்பி எடுப்பதில்லை என்பது கடைச் சட்டம். முதலாளி உள்ளேயிருந்து அதைச் சொல்ல இருமினார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை.

"எடுத்துக்குவோம் அத்தை" என்றாள். "எப்ப வந்தாலும் ஒரு நிமிஷம்கூட வாசல்ல நிக்க விடமாட்டோம். முழுசாக் கொண்டு வாங்க, அது போதும்."