கூண்டில் ஏறிய மாமா

திற்பரப்பு அருவிக்கு என்று சொல்லித்தான் மாமா எங்களை பஸ் ஏற்றினார். இறக்கிவிட்ட இடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மகாராஜா காலத்து ஓட்டுக் கட்டிடம் ஒன்று நின்றது. வெகுகாலம் கோர்ட்டாக இருந்ததாம். கோர்ட்டு புதுக் கட்டிடத்துக்குப் போனதும் பழையதற்குப் பெயின்ட் அடித்து மியூசியம் ஆக்கிவிட்டார்கள். துண்டும் மாற்றுத்துணியுமாகக் கிளம்பியிருந்த எனக்கும் தம்பிக்கும் வயிறு எரிந்தது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. அவர் பேச்சை நம்பி ஏமாறுவது எங்களுக்குப் பழக்கம்தான். அன்று ஒன்றுதான் புதிது. எங்கள் ஊர்சுற்றலுக்கு ஒருநாளும் வராத அம்மாவை, "நீ வரல்லண்ணா நானும் போவல்ல" என்று அடம்பிடித்து இழுத்து வந்திருந்தார். கட்டிடத்தைக் கண்டதும் அம்மாவின் முகம் ஒருமாதிரி ஆயிற்று. உள்ளே வராமல் பையும் கையுமாக வாசலிலேயே நின்றுகொண்டாள்.

உள்ளே வாளும் இல்லை, பீரங்கியும் இல்லை. நீதிபதி நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. குற்றவாளிக் கூண்டுக்கு மட்டும் கயிறு இல்லை, யாரும் ஏறலாம். மாமா எங்களை ஒவ்வொருவராக ஏற்றி விசாரித்தார். வீட்டுப்பாடம் எழுதாத குற்றத்துக்குத் தம்பிக்குத் தூக்குத்தண்டனை கிடைத்தது. எங்களுக்கு அருவி மறந்துபோயிற்று.

"இனி நீங்க ஏறுங்க மாமா," என்றேன். அம்மா கட்டிக்கொண்டு வந்த முந்திரிக்கொத்தில் பாதியை பஸ்ஸிலேயே தீர்த்தவர் அவர். மீசையில் துணுக்கு இன்னும் ஒட்டியிருந்தது. தம்பி நீதிபதியானான், நான் வக்கீல்.

மாமா சிரித்துக்கொண்டுதான் ஏறினார். ஏறியதும் சிரிப்பைக் காணோம். கையைக் கட்டிக்கொண்டார்.

"முந்திரிக்கொத்த எடுத்தது நீங்கதான?" என்று மிரட்டினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார். "மொதலாளிக்க வாச்ச நான் எடுக்கல்ல அய்யா," என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. வழக்கு முந்திரிக்கொத்தைப் பற்றியது. இவர் பாட்டுக்கு ஏதோ வாட்ச் என்கிறார். ஒழுங்காக விளையாடச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அம்மா பையைப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். கட்டியிருந்த அவர் கையைப் பிரித்துப் பிடித்தாள்.

"நீ எடுக்கல்லண்ணு எனக்குத் தெரியும் மக்கா. அண்ணைக்கே வந்து சொல்லியிருக்கணும். எறங்கி வா."

"அது போரும்க்கா," என்று மாமா இறங்கினார். இருவர் கண்ணும் கலங்கியிருந்தது. தீர்ப்புச் சொல்ல விடவில்லையே என்று தம்பி முனகிக்கொண்டே வந்தான்.

நான் வளர்ந்து பெரியவளான பிறகு அம்மாவே ஒருநாள் சொன்னாள். மாமா இளவட்டமாக இருந்தபோது கருங்கல் என்ற ஊரில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். முதலாளியின் கல்ஃப் வாட்ச் காணாமல் போக, பழி அவர் தலையில் விழுந்தது. வழக்கு நடந்தது அந்த ஓட்டுக் கட்டிடத்தில்தான்; கோர்ட்டு கடைசியில் அவரை விட்டுவிட்டது. ஆனால் வழக்கு நடந்த ஒருநாள்கூட வீட்டிலிருந்து யாரும் எட்டிப்பார்க்கவில்லை. அம்மாவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. புகுந்த வீட்டில் தெரிந்தால் மானக்கேடு என்று அவளும் போகவில்லை.

அந்தக் கூண்டில் நின்று வாசலைப் பார்த்தால் அக்கா தெரியவேண்டும். மாமாவுக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்திருக்கிறது. நானோ, அருவியைக் காட்டாமல் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன்.