ஆந்தைப் பக்கம்

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் மாசிலாமணி அண்ணனுக்குப் பழைய கிரேக்கக் காசுகள்மேல் பைத்தியம். பழைய வண்டியையே உருட்டிக்கொண்டு பணம் சேர்த்து, சென்னை நாணயக் கண்காட்சியில் ஏதென்ஸ் நகரத்து வெள்ளிக்காசு ஒன்றை வாங்கிவந்தார். ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட தேவதை; மறுபக்கம் கண்ணை உருட்டும் ஆந்தை. அந்த ஆந்தைக்காகத்தான் இத்தனை வருடம் ஏங்கினார்.

அவர் மனைவி பிரபாவதி காசைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கோம். ஆந்தைய வூட்டுக்குள்ள கொண்டாந்தா வெளங்குமா?"

"அவங்க ஊர்ல அது அறிவோட அடையாளம், பிரபா."

"வாங்குனவருக்கு அது இல்லியே!"

கூடவே வாங்கிய வெண்கல அம்பு முனை மட்டும், வேல் மாதிரி இருக்கிறதென்று முருகன் படத்தருகே போய்ச் சேர்ந்தது.

விழுப்புரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பதிலே சொல்லவில்லை. பழி ஆந்தைமேல் விழுந்தது. பட்டறையில் வைத்தால் திருடு போய்விடும். விற்கவும் அண்ணனுக்கு மனசில்லை. கடைசியில் அவர் இல்லாத நேரம் பார்த்து பிரபாவதியே ஒரு வழி செய்துவிட்டார்.

இப்போது காசு கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. தேவதை மட்டும் தெரிகிறாள். வருகிறவர்களிடம் பிரபாவதி, "அவங்க ஊரு அம்மன்" என்கிறார்.

"ஆந்தைய ஒரு தடவ காட்டுங்கண்ணே" என்றேன்.

"எங்க காட்றது? பசை போட்டு அட்டையில ஒட்டிட்டா, தம்பி. பேத்தா ஆந்தைக்குத்தான் காயம்" என்றார், சுவரைப் பார்க்காமலே.